வலிக்காத கட்டியைத்தான் முதலில் அனுப்ப வேண்டும்

மார்பகத்தில் வலி என்று நர்ஸான நம்மிடம் வருபவர்கள்தான் அதிகம். இரண்டு பக்கமும் கனத்து, மாதவிலக்குக்கு முன்னால் வந்து, அப்புறம் தானாகக் குறையும் வலி பெரும்பாலும் ஹார்மோன் வேலைதான். "வலிக்கவே இல்லை சிஸ்டர், சும்மா சின்னக் கட்டி" என்று கடைசியில் சொல்பவரிடம்தான் நான் அதிக நேரம் உட்காருவேன்; புற்றுநோய்ச் சந்தேகம் அங்கேதான் அதிகம்.

கட்டி எங்கே என்று அவர் விரலாலேயே காட்டச் சொல்லுங்கள். கையைத் தலைக்குப் பின்னால் வைத்துப் படுக்கவைத்து, நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியால் தடவிப் பாருங்கள். அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்க்க மறந்துவிடாதீர்கள். கல் போன்ற, ஓரம் ஒழுங்கில்லாத, நகராத கட்டி, தோலில் குழி அல்லது ஆரஞ்சுத் தோல் போன்ற தடிப்பு, புதிதாக உள்ளிழுத்த காம்பு, அழுத்தாமலேயே ஒரு பக்கத்தில் வரும் ரத்தக் கசிவு எதுவானாலும் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். வயது குறைவு என்று விட்டுவிடக் கூடாது.

ஏமாற்றுபவை இரண்டு. ஒன்று, களிம்பு போட்டும் ஆறாத காம்புப் புண். இன்னொன்று, பால் கட்டியதுபோல் சிவந்து வீங்கி, ஆன்டிபயாடிக் முடிந்தும் வடியாத மார்பு. இரண்டுக்கும் பின்னால் புற்றுநோய் இருக்கலாம்.

பெரிய மருத்துவமனையில் கையால் பரிசோதிப்பார்கள், வயதைப் பொறுத்து ஸ்கேனோ மேமோகிராமோ (மார்பக எக்ஸ்ரே) எடுப்பார்கள், தேவைப்பட்டால் ஊசியால் சதை எடுப்பார்கள். ஊசி பட்டால் நோய் பரவாது என்பதை இங்கேயே சொல்லி அனுப்புங்கள். அந்தப் பயத்தில் பாதி வழியில் திரும்பிவிடுகிறார்கள். சீட்டில் எந்தப் பக்கம், எந்த இடம், எத்தனை நாளாக என்று எழுதி, மறுவாரம் போனாரா என்று ஒரு போன் போட்டுவிடுங்கள்.