ட்ரம்பெட் பழகத் தொடங்குபவர்களுக்கு: உதட்டை அழுத்தாமல் ஊதுவது எப்படி

தை பிறந்ததும் மட்டக்களப்பில் பின்னேரங்களில் பாண்ட் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்குகிறது, பிள்ளைகள் மைதானத்தில் நின்று ஊதுகிறார்கள், மேளம் அடிக்கிறார்கள். பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போகும் ட்ரம்பெட் பிள்ளையின் மேலுதட்டைப் பாருங்கள். மவுத்பீஸின், அதாவது உதட்டில் வைத்து ஊதும் கிண்ணத்தின், விளிம்பு வட்டமாகப் பதிந்து, சிவந்து, சில நேரம் வீங்கியும் இருக்கும். அதைப் பார்த்து நல்லாகப் பாடுபட்டிருக்கிறான் என்று மெச்சுகிறவர்களும் உண்டு. எனக்கு அதைக் கண்டால் மனம் பதைக்கும், ஏனென்றால் அந்த வட்டத்தோடு நானும் திரிந்திருக்கிறேன்.

தரம் 9 படிக்கும்போது, போட்டிக்கு முந்தின கிழமை, ஒவ்வொரு நாளும் மூன்று மணித்தியாலம் வெயிலில் நின்று ஊதினோம். மேளச் சத்தத்துக்குள் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை, அதனால் இன்னும் இறுக்கினேன், இறுக்க இறுக்கச் சத்தம் மெலிந்தது, அதற்காக மறுபடியும் இறுக்கினேன். போட்டி அன்று காலை மேலுதடு மரத்துப்போய்விட்டது. வழக்கமாகச் சுலபமாக வரும் 'ஜி' என்ற நோட் (சுரம்) கூட வரவில்லை, வெறும் காற்றுத்தான் வந்தது. இன்னும் பலமாக ஊது என்பதுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே அறிவுரை. அதற்குப் பிறகு கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு மாமா, இளம் வயதில் பாண்டில் ஊதியவர், என்னைக் கூப்பிட்டு ஒருதரம் ஊதச்சொல்லிக் கேட்டார். "மகன், நீ ஊதல்ல, குழலை வாய்க்குள்ள தள்ளுறாய்" என்றார். பத்து நாள் ட்ரம்பெட்டைத் தொடவே விடவில்லை. அந்தப் பத்து நாளில் அவர் பழக்கியதும், மறுகா நான் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபோது கண்டதும்தான் கீழே இருக்கிறது. முதல் இரண்டு மாதத்துக்கு இது போதும்.

முதலில் ஒரு விளக்கம்

நாதஸ்வரத்தில் சீவாளி அதிர்கிறது. ட்ரம்பெட்டில் சீவாளி கிடையாது, உங்கள் இரண்டு உதடுகள்தான் சீவாளி. சங்கு ஊதுவதும் இதே வகைதான். சாவு வீட்டில் சங்கு ஊதுகிறவரைக் கிட்ட நின்று பார்த்திருந்தால் தெரியும், அவர் சங்கை முகத்தில் போட்டு அமத்துவதில்லை, உதட்டில் பொருத்தி வைத்துக்கொண்டு மூச்சை விடுகிறார், உதடு தானாக அதிர்கிறது. நாம் வழக்கமாக ஊதும் பி ஃபிளாட் ட்ரம்பெட் என்பது சுமார் 1.48 மீட்டர் நீளமுள்ள, சுற்றி வளைத்த பித்தளைக் குழாய். உதடு கொடுக்கும் அதிர்வை அந்தக் குழாய்க்குள் இருக்கும் காற்று பிடித்துக்கொண்டு பெரிதாக்குகிறது.

தொடக்கத்தில் பெரும்பாலானவர்களுக்கு வருகிற 'ஜி' இருக்கிறதே, அது பியானோவில் 'எஃப்', ட்ரம்பெட்டில் நோட்டின் பெயர் பியானோவை விட ஒரு படி மேலே இருக்கும். அந்த ஒலிக்கு உதடு செக்கனுக்குச் சுமார் 349 தடவை மூடித் திறக்கிறது. எந்தத் தசையையும் நினைத்து நினைத்து அத்தனை தடவை அசைக்க முடியாது, காற்றுத்தான் அதைச் செய்கிறது. அதனால் உங்களுக்கு இருக்கும் வேலை இரண்டு: உதடு சுதந்திரமாக அதிர இடம் விடுவது, காற்றை நிறுத்தாமல் அனுப்புவது. இனி வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

படி 1: இருப்பதும் பிடிப்பதும்

பிளாஸ்டிக் கதிரையின் முன் விளிம்பில் இருங்கள், சாயாதீர்கள், இரண்டு பாதமும் நிலத்தில் படியட்டும். ட்ரம்பெட்டின் பாரம் முழுவதையும் இடது கை தாங்க வேண்டும். வலது கைக்கு வால்வு, அதாவது மேலே இருக்கும் மூன்று பொத்தான்களை, அமத்துகிற வேலை மட்டும்தான். வலது சுண்டுவிரலை வைக்க ஒரு கொக்கி இருக்கும், முதல் இரண்டு மாதம் விரலை அதற்குள் போடாமல் மேலே சும்மா வையுங்கள். உள்ளே போட்டால் உயர்ந்த நோட் வரும்போதெல்லாம் அந்த விரல் உங்களுக்குத் தெரியாமலே ட்ரம்பெட்டை முகத்தை நோக்கி இழுக்கும். உதட்டில் விழும் அழுத்தத்தில் பெரிய பங்கு அந்தச் சின்ன விரலிலிருந்து வருகிறது என்பதை நான் பல பிள்ளைகளிடம் கண்டிருக்கிறேன்.

படி 2: மூச்சு

இதில் அவசரப்படவே வேண்டாம். பாயை விரித்து மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் ஒரு கொப்பியை வைத்து மூச்சு எடுங்கள். கொப்பி மேலே எழும்பும், பிறகு இறங்கும். தோள் பேசாமல் கிடக்கும். ஊதும்போதும் மூச்சு அப்படித்தான் போய்வர வேண்டும். எழுந்து இருந்த பிறகு தோள் காதுக்குப் பக்கத்தில் ஏறினால் திரும்பப் படுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கொட்டாவி விடுவதுபோல வாயைத் திறந்து, உள்ளுக்குள் 'ஓ' என்று சொல்லியபடி நாலு எண்ணும் வரை மூச்சை எடுங்கள், அதே நாலில் வெளியே விடுங்கள். எடுப்பதற்கும் விடுவதற்கும் இடையில் நிற்கக்கூடாது. பெரும்பாலானவர்கள் மூச்சை எடுத்ததும் ஒரு கணம் தொண்டையைப் பூட்டிவிட்டுப் பிறகு ஊதுகிறார்கள், அந்தப் பூட்டில்தான் கழுத்து நரம்பு புடைக்கிறது, சத்தமும் 'க்' என்று வெடித்துக்கொண்டு வருகிறது. ஊஞ்சல் ஒரு பக்கம் போய்த் திரும்புவதுபோல மூச்சு திரும்பட்டும். அது பழகியதும் நாலில் எடுத்து எட்டில் விடுங்கள். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருங்கள்.

இன்னொன்று, பிள்ளைகளுக்குப் பிடித்தது. கொப்பித் தாளில் சின்னத் துண்டு ஒன்றைக் கிழித்துச் சுவரில் வைத்து, ஒரு சாண் தூரத்திலிருந்து ஊதி, அது விழாமல் பிடித்து வையுங்கள். தாள் விழாமல் இருக்கப் பலம் தேவையில்லை, ஒரே சீராக ஊத வேண்டும். ஐந்து செக்கனில் தொடங்குங்கள்.

படி 3: உதடும் மவுத்பீஸும்

'ம்' என்று சொல்லிவிட்டு அப்படியே இருங்கள். உதடு எவ்வளவு மெதுவாகச் சேர்ந்திருக்கிறதோ அதுதான் நமக்கு வேண்டிய நிலை. வாயின் இரண்டு மூலையும் கொஞ்சம் உறுதியாக இருக்கலாம், நடுப்பகுதி பஞ்சுபோல இருக்க வேண்டும். சிரிப்பதுபோல மூலைகளைப் பின்னுக்கு இழுத்தால் உதடு மெலிந்து, சீக்கிரம் நோகும். கன்னத்தை ஊதவைக்கவும் வேண்டாம். அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி தவளைபோலக் கன்னம் புடைக்க ஊதுவதைப் படங்களில் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் செய்துபார்ப்பார்கள். அவர் பெரிய கலைஞர், ஆனால் அதைப் பார்த்துப் பழகத் தொடங்கினால் உதட்டின் மூலைகள் நிலைக்காது.

சின்னப் பிள்ளைகள் வாகனம் ஓட்டி விளையாடும்போது 'ப்ர்ர்ர்' என்பார்களே, அதை அரை நிமிடம் செய்யுங்கள், உதடு தளரும். பிறகு மவுத்பீஸை மட்டும் எடுத்து, அதன் வால் பக்கத்தை இரண்டு விரலால், பேனையை விடவும் மெதுவாகப் பிடியுங்கள். அப்படிப் பிடித்தால் அமத்த நினைத்தாலும் முடியாது, அதற்காகத்தான் இந்தப் பிடி. உதட்டின் நடுவில் வைத்து, மேலும் கீழும் ஏறக்குறையப் பாதிப் பாதியாக, பல்லுக்கு வசதியான இடத்தில் வைத்துக் காற்றை விடுங்கள். முதலில் வெறும் காற்று வரும். வரட்டும். காற்றை நிறுத்தாமல் உதட்டை மெல்லக் கிட்டக் கொண்டுவந்தால் ஒரு இடத்தில் வண்டு இரைவதுபோல 'ஸ்ஸ்ம்ம்' என்று பிடிக்கும். பிடித்ததும் சந்தோசத்தில் இறுக்காதீர்கள்.

ஒரு நாளைக்கு இது மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மவுத்பீஸ் எது வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: யமஹா மாணவர் ட்ரம்பெட்டோடு வருகிற 11பி4 அல்லது பாக் 7சி, இரண்டில் எது கிடைத்தாலும் சரி.

படி 4: முதல் நோட்

எந்த வால்வையும் தொடாமல், முதலில் நாக்கே இல்லாமல் 'ஹூ' என்று மூச்சை விட்டு ஒரு நோட்டைத் தொடங்குங்கள். 'சி' வரலாம், 'ஜி' வரலாம், எது வந்தாலும் அதுதான் இன்றைய நோட். எட்டு எண்ணும் வரை, ஒரே அளவில், நித்திரை கொள்ளும் குழந்தையை எழுப்பாத சத்தத்தில் பிடியுங்கள். முடிக்கும்போது தொண்டையை அடைத்து முடிக்காமல் காற்றை நிறுத்தி முடியுங்கள்.

நாலைந்து நாள் கழித்து நாக்கைச் சேர்க்கலாம். தமிழ் பேசுகிற நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. 'து' என்று சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லின் பின்னால் இலேசாகத் தொட்டுவிட்டு விலகுகிறது, அதுதான் வேண்டும். 'டு' என்று சொல்லிவிடாதீர்கள், அதற்கு நாக்கு உள்ளே மடிந்து காற்றின் வழியை அடைக்கும். ட்ரம்பெட் இல்லாமல் 'து து து' என்று சொல்லிப் பாருங்கள், காற்று ஓடிக்கொண்டே இருக்க நாக்கு மட்டும் இடையில் தொட்டுத் தொட்டுப் போக வேண்டும்.

ஊதுவதற்கு முன் அந்த நோட்டை ஒருதரம் பாடிப் பாருங்கள், கூச்சம் வேண்டாம். சிக்காகோ சிம்பனி இசைக்குழுவில் 1944 முதல் 1988 வரை டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவி வாசித்த ஆர்னல்ட் ஜேக்கப்ஸ் என்பவரிடம் உலகம் முழுவதிலுமிருந்து ஊதுகருவிக்காரர்கள் போய்ப் படித்தார்கள். தசையை நினைக்காதே, மனதில் பாட்டை வைத்துக்கொண்டு காற்றை விடு என்பதுதான் அவர் கற்பித்ததன் சாரம். மெட்டு மனதில் தெளிவாக இருந்தால் உதடு தன் அளவைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும், நான் இதைப் பத்து வயதுப் பிள்ளைகளிடமே பார்த்திருக்கிறேன்.

படி 5: அழுத்தத்தைச் சோதிப்பது

ட்ரம்பெட்டை இடது கையின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மட்டும் தாங்கி, வலது கையை மடியில் வைத்துவிட்டு 'ஜி' ஊதிப் பாருங்கள். நோட் வந்தால் நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள். கையை இறுக்கினால்தான் வருகிறது என்றால் படி 2-க்குத் திரும்புங்கள். அழுத்தமே கூடாது என்று நான் சொல்லவில்லை, காற்று விளிம்பால் கசியாமல் இருக்கக் கொஞ்சம் வேண்டும். ஊதி முடிந்தபின் கண்ணாடியில் பாருங்கள்: இலேசான வட்டம் கொஞ்ச நேரத்தில் மறைந்தால் பரவாயில்லை, அரை மணித்தியாலம் கழித்தும் இருந்தால், தொட்டால் மரத்திருந்தால், அன்றைக்கு அதோடு முடியுங்கள். ஜாஸ் ட்ரம்பெட்டில் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் அளவுக்குப் பெரிய மனிதரே 1930-களில் உதட்டுக் காயத்தால் மாதக்கணக்கில் ஊதாமல் இருக்க வேண்டி வந்தது.

படி 6: மேலே ஏறுவது

பிழை எல்லாம் இங்கேதான் நடக்கிறது. 'சி'-யிலிருந்து 'ஜி'-க்கும், அதிலிருந்து மேல் 'சி'-க்கும் வால்வு எதுவும் அமத்தாமல் போகலாம். உயரப் போகிறோம் என்றதும் கை இழுக்கும், கழுத்து விறைக்கும், புருவம் ஏறும். அம்மம்மா ஊதாங்குழலால் அடுப்பு ஊதுவதை நினைத்துக்கொள்ளுங்கள். நெருப்பு மூளவேண்டும் என்பதற்காக அவர் குழலை முகத்தில் போட்டு அமத்துவதில்லை, வாய்க்குள் காற்றின் வழியைச் சின்னதாக்கி வேகமாக விடுகிறார். உங்களுக்கும் அதுதான். 'ஆ' என்று சொல்லி, நிறுத்தாமல் 'ஈ'-க்குப் போங்கள், நாக்கின் நடுப்பகுதி மேலே எழும்புவது தெரியும். அந்த எழுச்சியால் வழி ஒடுங்கிக் காற்று வேகம் பிடிக்கும், நோட் ஏறும். கீழ் 'சி'-க்கு 'ஆ', 'ஜி'-க்கு 'ஈ', திரும்ப 'ஆ'. மெதுவாக, வழுக்கிக்கொண்டு போங்கள். முதல் இரண்டு மாதத்தில் மேல் 'சி'-யோடு நின்றுவிடுங்கள், அதற்கு மேலே ஆசைப்பட வேண்டாம்.

வால்வு விரல்கள் சுலபம். முகத்துக்குக் கிட்ட இருக்கும் வால்வு 1, அடுத்தது 2, கடைசி 3; 'திறந்தபடி' என்றால் எதையும் அமத்தாமல்; இங்கே 'ஈ' என்பது நோட்டின் பெயர். 'சி' திறந்தபடி, 'டி' 1-3, 'ஈ' 1-2, 'எஃப்' 1, 'ஜி' திறந்தபடி, 'ஏ' 1-2, 'பி' 2, மேல் 'சி' திறந்தபடி. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இது சங்கராபரணத்தின் ஆரோகணம். விரலை அரைவாசி அமத்தாமல் முழுதாக, சட்டென்று அமத்துங்கள்.

எவ்வளவு நேரம், எங்கே

காலையில் பத்து நிமிடம், பின்னேரம் பத்து நிமிடம். ஒரு நிமிடம் ஊதினால் ஒரு நிமிடம் ஓய்வு, அந்த ஓய்வில் ட்ரம்பெட்டை மடியில் வைத்துவிட்டு மெட்டைப் பாடுங்கள். களைக்கும் முன்பே நிறுத்துங்கள். வாவிக்கரையில் போய் ஊத ஆசை வரும், காற்றும் நன்றாக இருக்கும், ஆனால் அந்த வெளியில் சத்தம் திரும்பி வராது, வராததால் நீங்கள் அறியாமலே பலத்தைக் கூட்டுவீர்கள். தொடக்கத்தில் அறைக்குள் சுவரைப் பார்த்து ஊதுங்கள், உங்கள் சத்தம் உங்களுக்கே திரும்பி வரும். இனிப்புத் தேத்தண்ணி குடித்தால் வாயைக் கொப்பளித்துவிட்டு ஊதுங்கள், சீனி வால்வுக்குள் போய் ஒட்டும். நம் ஊர் உப்புக் காற்றுக்கு வால்வு எண்ணெய் நாலைந்து நாளைக்கு ஒருதரமாவது வேண்டும்.

பாண்டில் நிற்கிற பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. மேளத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது உங்கள் சத்தம் உங்களுக்குக் கேட்காது, அதைக் கேட்க முயலாதீர்கள், வீட்டில் சுவருக்கு முன்னால் ஊதியபோது மூச்சு எப்படிப் போனது என்பதை மட்டும் நினைவில் வைத்து அதே அளவில் ஊதுங்கள். பக்கத்தில் நிற்கும் ட்ரம்பெட்காரரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள், நாலு பார் (தாளச் சுற்று) நீங்கள், அடுத்த நாலு பார் அவர். அவர் ஊதும்போது மவுத்பீஸை உதட்டோடு வைத்துக்கொண்டு நிற்காமல் ட்ரம்பெட்டைக் கீழே இறக்கி, 'ப்ர்ர்ர்' என்று ஒருதரம் உதட்டை உதறுங்கள். அதற்குள் உதட்டில் இரத்தம் திரும்பி ஓடத் தொடங்கிவிடும்.