ஸ்கோப் நழுவியது, நாலு ஞாயிறு போனது

கோத்தகிரியில் வீட்டுக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறது. அங்கே காகித இலக்கு வைத்து 25 மீட்டரில் ஏர் ரைஃபிள் (காற்றுத் துப்பாக்கி) சுடுவேன். வேட்டைக் கதையெல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்தது. தேயிலைக்குள் காட்டுமாடு வந்தால் ஒதுங்குவது நாங்கள்தான்.

ரைஃபிள் மேல் புது ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) மாட்டியதும் முதல் பத்து குண்டு ஒரே இடத்தில் விழும். பிறகு குறி விலகும். திருகி நேராக்கினால் மறுபடி அதே கதை.

குண்டு மாற்றினேன், குழலைத் துடைத்தேன், பனிமூட்டத்தின் மேல் பழி போட்டேன். ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையமான ரிங்கின் திருகை இறுக்கியதில் ஸ்கோப் குழாயில் தழும்பு விழுந்ததுதான் மிச்சம். பெரிய வேட்டை ரைஃபிளுக்கென்று விற்கும் கனமான ஸ்கோப்பை இரவல் வாங்கி மாட்டினால் இன்னும் மோசம்.

அதைக் கழற்றும்போதுதான் பார்த்தேன்: முன் ரிங்குக்கு முன்னால், ரைஃபிளின் கறுப்புப் பூச்சில் 2 மில்லிமீட்டர் நீளத்துக்குப் பளபளவென்று கீறல். ரிங்குகள் சேர்ந்த மவுண்ட்டே பின்னால் நகர்ந்திருக்கிறது! என்னுடையது ஸ்பிரிங் விசையில் பிஸ்டன் பாய்ந்து காற்றைத் தள்ளும் துப்பாக்கி. அது முதலில் பின்னால் உதைக்கும், பிஸ்டன் முட்டி நின்றதும் முன்னால் துள்ளும். துப்பாக்கி முன்னே போக, ஸ்கோப் பின்தங்கும். கனம் கூடினால் நழுவலும் கூடும்.

பின் ரிங்கின் அடியில் சின்ன ஆணி ஒன்று உள்ளே ஏறிக் கிடந்தது. ஆலன் சாவியால் அதை இறக்கி, ரைஃபிள் மேலுள்ள குழியில் உட்கார வைத்தேன். ரிங் உட்காரும் தடத்திலிருந்த எண்ணெயை ஸ்பிரிட்டால் துடைத்து, பழைய லேசான ஸ்கோப்பையே மாட்டினேன். ரிங் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி இருநூறு குண்டு சுட்டாயிற்று. டேப்புக்கும் ரிங்குக்கும் நடுவே இடைவெளி விழவில்லை.