“போயிடுச்சா?” என்று பார்க்காதீர்கள்: மேடை பயத்துக்குப் பயிற்சி எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

போன மார்கழியில் ஒரு மத்தியானக் கச்சேரி. திரை தூக்கப் பத்து நிமிஷம் இருந்தது. கிரீன் ரூம் மூலையில் என் மாணவி கண்ணை மூடிக்கொண்டு, தோள் ஏறி இறங்க, மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அழாத குறைதான்.

“டீச்சர், விரல் நுனியெல்லாம் ஊசி குத்துற மாதிரி இருக்கு. உதடு மரத்துப் போகுது. வாசிக்க முடியும்னே தோணல.”

அவளுக்குப் பயம் இருந்தது உண்மைதான். ஆனால் அந்த ஊசி குத்தலைக் கொண்டுவந்தது, பயம் போகட்டும் என்று அவள் செய்துகொண்டிருந்த மூச்சுப் பயிற்சி. இருபத்து மூன்று வயதில் இதே மாதிரி ஒரு மூலையில் நானும் நின்றிருக்கிறேன்.

இருபது வருஷத்துக்கு மேலாகப் பக்கவாத்தியமாக வயலின் வாசிக்கிறேன். அதில் முதல் ஆறேழு வருஷம் கை நடுக்கத்தோடுதான் கழிந்தது. பிறகு ஒரு உளவியல் நிபுணரிடம் போய், மூச்சு, தசை, கவனம் என்று உடல் வழியாக மூளையைப் பழக்கும் முறைகளைக் கற்றுக்கொண்டேன். நான் டாக்டர் இல்லை. வயலின் சொல்லிக்கொடுக்கிறேன், மேடை பயத்தோடு வரும் பிள்ளைகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தேவைப்பட்டால் நிபுணரிடம் அனுப்புகிறேன். நன்றாகச் சாதகம் செய்யுங்கள், முதல் நாள் சீக்கிரம் தூங்குங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

பெரிய பெரிய மூச்சாக இழுப்பது

“நல்லா ஆழமா மூச்சை இழு” என்று பெரியவர்கள் எல்லோரும் சொல்வார்கள். பயத்தில் ஏற்கெனவே வேகமாக மூச்சு வாங்குகிறவர் அதோடு சேர்த்துப் பெரிதாகவும் இழுத்தால், ரத்தத்தில் கரியமில வாயு தேவைக்குக் கீழே இறங்கிவிடும். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை லேசாகச் சுற்றும், விரலும் உதடும் குறுகுறுக்கும். ‘ஐயோ, மயக்கம் வரப் போகிறது’ என்ற நினைப்பு அதன்மேல் ஏறி உட்காரும்.

இழுப்பதை மறந்துவிட்டு விடுவதைக் கவனியுங்கள். மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமெடுக்கும். விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாகச் சற்று நிதானப்படும். அதனால் வெளிமூச்சுதான் நீளமாக இருக்க வேண்டும். மூக்கு வழியாக நாலு எண்ணிக்கை உள்ளே, ஆறு எண்ணிக்கை வெளியே. நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஆறு மூச்சு. தோள் அசையக் கூடாது, சத்தம் வரக் கூடாது. பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு நீங்கள் ஏதோ பயிற்சி செய்கிறீர்கள் என்றே தெரியக் கூடாது.

அன்றைக்கு அவளை உட்காரவைத்து, “சூடான காபியை ஆத்துற மாதிரி மெதுவா ஊது, வேற ஒண்ணும் பண்ணாதே” என்றேன். இரண்டு மூன்று நிமிஷத்தில் விரலுக்கு உயிர் வந்தது.

பயம் போயிடுச்சா என்று பார்த்துக்கொண்டே இருப்பது

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் இது பிடுங்கிக்கொண்ட காலத்தை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

ஒரு மூத்த பாடகருக்கு முதல் தடவையாக வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். சாயங்காலக் கச்சேரி, நிறைந்த சபை. மூன்று மாதமாகத் தினமும் மூச்சுப் பயிற்சி செய்திருந்தேன். மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து, இடது மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடியை எண்ணினேன். நூற்றுப் பதினெட்டு. ஐந்து நிமிஷம் பயிற்சி செய்தேன். மறுபடி எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு. ‘போகவில்லையே’ என்று மறுபடி பயிற்சி, மறுபடி நாடி. மூன்றாவது தடவை நூற்று இருபத்து நாலு. ‘மூன்று மாதம் செய்தும் வேலை செய்யவில்லை’ என்ற முடிவோடு மேடை ஏறினேன்.

வர்ணத்தில் பாட்டோடு சேர்ந்தே வாசித்ததால் தப்பித்தேன். பிறகு காம்போதி ஆலாபனை. அவர் மேல் ஷட்ஜத்தில் அப்படியே நின்று, இறங்கி, முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். என் முறை. அதே மேல் ஷட்ஜத்தில் கார்வை கொடுத்தேன், அதாவது அந்த ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடித்தேன். பாதி வில் போனதும் வில் தந்தியின்மேல் குதிக்க ஆரம்பித்தது. நடுக்கத்தை அடக்க அழுத்தினேன், நாதம் கரகரத்தது. கார்வையை வெட்டிவிட்டு வேகமான சங்கதிகளுக்குள் ஓடினேன். ஐந்து நிமிஷம் வாசித்திருக்க வேண்டிய ஆலாபனையை இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டேன். அந்தப் பாடகர் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. பிறகு இரண்டு வருஷம் கூப்பிடவும் இல்லை.

அதுகூடப் பெரிய நஷ்டம் இல்லை. ‘இந்தப் பயிற்சியெல்லாம் சும்மா’ என்று அன்றோடு விட்டேனே, அதுதான் நஷ்டம். ஒன்றரை வருஷம் நடுக்கத்தோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் ஒரு தோழி வற்புறுத்தி அழைத்துப் போன பிறகுதான் அந்த நிபுணரைப் பார்த்தேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “நாடியை எத்தனை தடவை பாத்தீங்க?”

நாடியில் விரலை வைக்கும் ஒவ்வொரு தடவையும் மூளைக்கு என்ன செய்தி போகிறது? ‘இங்கே ஆபத்து இருக்கிறது, அதனால்தான் காவல் பார்க்கிறேன்’ என்ற செய்தி. அதைக் கேட்ட மூளை மணியை இன்னும் உரக்க அடிக்கும். 1987-ல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் சிலரிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லிப் பார்த்தார். அவர்களால் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நினைக்கவில்லையே என்று சரிபார்க்கவே அதை நினைத்தாக வேண்டும். பயமும் அப்படித்தான்.

இன்னொன்று, நான் எதிர்பார்த்ததே தப்பு. நாடி எழுபதுக்கு இறங்கினால்தான் பயிற்சி பலித்ததாக நினைத்தேன். மேடைக்கு முன்னால் அட்ரினலின் சுரப்பது இயற்கை. தோலுக்குப் போகும் ரத்தம் குறைந்து பெரிய தசைகளுக்குப் போகும். அதனால் கை சில்லிடுகிறது. எச்சில் வற்றுகிறது. தசையிலேயே நேராக வேலை செய்து மெல்லிய நடுக்கத்தையும் அட்ரினலின் கொண்டுவருகிறது. நடுங்குகிறவருக்கு வித்தை போதவில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு மேடை ஏறுவதற்குச் சற்று முன்னாலும் முதல் சில நிமிஷங்களிலும்தான் உச்சம். நாமாகத் திரும்பத் திரும்ப விறகு போடாவிட்டால் தானே இறங்கும்.

2014-ல் அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. மேடைப் பேச்சுக்கு முன்னால் ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட ‘நான் உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். படபடப்பு, உற்சாகம் இரண்டிலும் இதயம் வேகமாகத்தான் அடிக்கிறது. அடிக்கிற இதயத்தை வைத்துக்கொண்டு அமைதி என்று சொன்னால் உடம்பு நம்புவதில்லை.

இப்போது கையில் வாட்ச் வேறு கட்டிக்கொண்டு வருகிறார்கள். நாடியைத் தேடி விரல் வைக்கக்கூட வேண்டாம், பச்சை எழுத்தில் தானே காட்டுகிறது. இரண்டு பாட்டுக்கு நடுவில், மேடையிலேயே, மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்த பையனை நான் பார்த்திருக்கிறேன். கச்சேரி அன்று வாட்சைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

சரி, என்ன செய்வது? பயிற்சிக்கு ஒரு அளவு வையுங்கள். பத்து மூச்சு. பத்து முடிந்தால் முடிந்தது, பலித்ததா என்ற கேள்வி இல்லை. இதயம் நூற்று இருபதில் ஓடினாலும் கட்டை விரல் இளகியிருக்க வேண்டும், தாடை இளகியிருக்க வேண்டும். அதற்குத்தான் அந்தப் பத்து மூச்சு. பிறகு உடம்பில் நடப்பதை ஒரு தடவை பெயர் சொல்லுங்கள்: ‘நெஞ்சு அடிக்குது. விரல் சில்லுனு இருக்கு.’ அவ்வளவுதான். அப்புறம் கவனத்தை வெளியே கொண்டுபோங்கள். எனக்கு அது வலது கணுக்கால். வயலினின் தலை அங்கே ஊன்றியிருக்கிற கனத்தை உணர்கிறேன், பிறகு தம்பூராவின் பஞ்சமத்தைக் கேட்கிறேன். பாடுகிறவர்களுக்குத் தொடையில் தாளம் போடும் கை இருக்கிறது. மிருதங்கக்காரருக்கு உள்ளங்கையில் தோல் இருக்கிறது.

வில் நடுங்கினால் அழுத்தாதீர்கள். கொஞ்சம் வேகமாக இழுங்கள், கையின் கனம் மட்டும் வில்லில் இருக்கட்டும், இழுக்கும்போதே மூச்சை விடுங்கள். வேகத்தில் நடுக்கம் நாதத்துக்குள் கரைந்துபோகும். இன்றைக்கும் பெரிய சபைகளில் முதல் கார்வைக்கு எனக்கு நடுங்குகிறது. நடுங்கிக்கொண்டே வாசிக்கிறேன்.

வீட்டில் பாய் விரித்து மட்டும் பழகுவது

விளக்கணைத்து, மின்விசிறி போட்டு, பாயில் படுத்துப் பழகினால் பாயில் படுத்திருக்கும்போது அமைதியாக இருக்க வரும். அமெரிக்க டாக்டர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920-களில் வகுத்த தசைத் தளர்ச்சிப் பயிற்சியை இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும்; தோளை இறுக்கி, விட்டு, இறுக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அமைதியான இடம் வேண்டும். அங்கேயே நின்றுவிடுவதுதான் தப்பு.

என் மாணவர்களை மூன்று மாடி ஓடி ஏறச் சொல்கிறேன். ஏறியதும், மூச்சிரைப்பு அடங்குவதற்கு முன்பே, வயலினை எடுத்து மேல் ஷட்ஜத்தில் ஒரு முழு வில் கார்வை. முதல் வாரம் கன்னாபின்னாவென்று இருக்கும். மூன்றாவது வாரத்தில், இதயம் அடித்துக்கொண்டிருக்கும்போதே வில்லைப் பிடித்த கை இளகுவது எப்படி என்று கைக்கே தெரிய ஆரம்பிக்கும். பிறகு பக்கத்து வீட்டு மாமிகள் நாலு பேர் முன்னால், அப்புறம் தெருக்கோயில் நவராத்திரி, அப்புறம் சபா. ஒரே தாவலில் சபாவுக்குப் போக வேண்டாம்.

பழைய காயத்தைத் தனியாகக் கிளறுவது

இ.எம்.டி.ஆர். என்று ஒரு சிகிச்சை இருக்கிறது; பழைய அதிர்ச்சியை நினைத்தபடி கண்ணை இடமும் வலமும் அசைக்கச் சொல்வார்கள். 1980-களின் கடைசியில் ஃபிரான்சின் ஷபிரோ உருவாக்கியது. அதிலிருந்து கிளைத்து 2003-ல் டேவிட் கிராண்ட் கொண்டுவந்தது பிரெயின்ஸ்பாட்டிங். இதில், மேடையில் நேர்ந்த அவமானத்தை நினைக்கும்போது உடம்பில் எங்கே இறுகுகிறதோ அதைக் கவனித்தபடி, பார்வையை ஓர் இடத்தில் நிறுத்திவைப்பார்கள். முதலாவதற்கு, முக்கியமாக அதிர்ச்சியால் வரும் பாதிப்பில், ஆய்வு பலம் இருக்கிறது. இரண்டாவதற்கு இன்னும் அவ்வளவு இல்லை. சிலருக்கு உதவியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இரண்டுமே பயிற்சி பெற்ற நிபுணர் எதிரே உட்கார்ந்திருக்கச் செய்ய வேண்டியவை. எனக்குத் தெரிந்த ஒரு மிருதங்கப் பையன் காணொளி பார்த்து, ராத்திரி பதினோரு மணிக்குத் தன் அறையில் தனியாகச் செய்தான். அரங்கேற்றத்தில் தாளம் தப்பியதை நினைக்க உட்கார்ந்தவனுக்கு, சின்ன வயதில் வாங்கிய அடியெல்லாம் கிளம்பி வந்துவிட்டது. விடியும்வரை அவன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். மூச்சையும் தசையையும் தனியாகப் பழகலாம். இதை மட்டும் வேண்டாம்.

மாத்திரையைக் கடன் வாங்குவது

வேண்டாம். படபடப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கப் போட்டுக்கொள்ளும் ப்ரொப்ரனலால் மாத்திரை, ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். டாக்டர் உங்களைப் பார்த்து எழுதிக் கொடுத்தால் மட்டும்.

எல்லா நடுக்கமும் பயம்தான் என்று நினைப்பது

வீட்டில் தனியாக வாசிக்கும்போதும் கை நடுங்குகிறதா, சாப்பிட்டும் உடம்பு இளைக்கிறதா? ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒரு மாணவிக்கு ஆறு மாதம் நான் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன்; அவளுக்கு இருந்தது தைராய்டு மிகைச் சுரப்பு. அந்த ஆறு மாதம் என் மனதை இன்றும் உறுத்துகிறது.

சக கலைஞர்களிடம் மறைப்பது

மிருதங்கம் வாசிப்பவரிடமாவது சொல்லிவிடுங்கள்.

அன்று ராத்திரியே ரெக்கார்டிங் கேட்பது

மூன்று நாள் போகட்டும். உடம்பு சூட்டோடு இருக்கும்போது காது நியாயமாகக் கேட்காது. நம் உள்ளே நடப்பதெல்லாம் வெளியே அப்படியே தெரிகிறது என்று நாம் மிகையாக நினைத்துக்கொள்கிறோம். சவிட்ஸ்கி, கிலோவிச் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2003-ல் மேடைப் பேச்சாளர்களை வைத்து இதைக் காட்டினார்கள். இந்த விஷயத்தை யாரிடம் முன்கூட்டியே எடுத்துச் சொன்னார்களோ, அந்தப் பேச்சாளர்கள் நன்றாகவும் பேசினார்கள்.

அந்த மத்தியானக் கச்சேரியின் ரெக்கார்டிங்கை நாலாம் நாள் என் வீட்டில் வைத்துக் கேட்டோம். “மோகன ஆலாபனை முழுக்க நடுங்கிச்சு டீச்சர்” என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். ஆறு நிமிஷம் ஓடி முடிந்தது. “எங்கே, எனக்குக் காட்டு” என்றேன். பின்னால் தள்ளி, முன்னால் தள்ளி, மூன்று தடவை தேடினாள். முதல் கார்வையில், வில் திரும்புகிற இடத்துக்குச் சற்று முன்னால், இரண்டு விநாடி இருந்தது.

“இவ்வளவுதானா?” என்றாள்.

இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டாள்.