ஸ்னோமொபைல் கழகத்தை நடத்துவதும் பனித்தடங்களையும் வண்டிகளையும் பேணுவதும்

கனடாவின் ஒன்ராறியோ, கியூபெக் மாகாணங்களிலும் அமெரிக்காவின் வெர்மான்ட், மெய்ன், விஸ்கான்சின் போன்ற வட மாநிலங்களிலும் ஸ்னோமொபைல்கள் எனப்படும், எஞ்சினால் இயங்கும் பனிவண்டிகள் ஓடும் பனித்தடங்களில் பெரும்பகுதியை வெட்டிச் சீர்செய்து வைத்திருப்பவர்கள் அந்தந்த ஊர்களின் தன்னார்வக் கழகத்தினரே. கியூபெக்கின் வால்கூர் ஊரில் ஜோசப்-ஆர்மான் பம்பார்டியர் உருவாக்கிய ஸ்கீ-டூ என்ற ஸ்னோமொபைல் 1959இல் விற்பனைக்கு வந்தது. ஒரு குடும்பம் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய சிறிய பனிவண்டிகள் அதன் பிறகு பரவின. அவற்றை ஓட்ட இடம் தேவைப்பட்டதால் கழகங்களும், அடுத்தடுத்துக் கழகங்களின் கூட்டமைப்புகளும் தோன்றின. வெர்மான்ட் மாநிலக் கூட்டமைப்பு 1967இலேயே தொடங்கப்பட்டது. இன்று ஒரு கழகத்தில் புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் பெரும்பாலும் பனியையும் இயந்திரங்களையும் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஆனால் தடம் நிலைப்பதும் அழிவதும் பனி விழுவதற்கு முன்பே, நில உரிமையாளரின் வீட்டு வாசலிலும் இலையுதிர்காலக் காட்டு வேலையிலும் பெருமளவு முடிவாகிவிடுகிறது என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

நில உரிமையாளரின் இசைவு

தடங்களில் பெரும்பகுதி தனியார் நிலத்தின் வழியே செல்கிறது. நாற்பது உரிமையாளர்களின் நிலத்தைக் கடக்கும் ஒரு தடத்தில் ஒரே ஒருவர் மறுத்துவிட்டாலும் தடம் அந்த இடத்தில் அறுந்துபோகும். சுற்றி வர வேறு வழி கிடைக்காவிட்டால் இரண்டு ஊர்களுக்கு இடையேயான தொடர்பே இல்லாமல் போகும். ஆகவே கழகத்தின் பொறுப்புகளில் நில உரிமையாளர் தொடர்பாளரின் பொறுப்பையே மிகப் பெரியதாக நான் கருதுகிறேன். அதற்கு இயந்திர அறிவைவிடப் பொறுமையும் நினைவாற்றலும் உள்ளவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முடிந்தவரை ஒரே நபர் ஆண்டுதோறும் அதே வீடுகளுக்குச் செல்வது நல்லது.

இசைவு கேட்கச் செல்ல ஏற்ற காலம் கோடையின் இறுதி. தடம் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது போய்க் கேட்டால், மறுக்க வழியில்லாத நிலையில் அவரை நிறுத்துகிறோம் என்ற வருத்தம் அவருக்கு ஏற்படும். போகும்போது வரைபடத்தைக் கையில் எடுத்துச் சென்று, அந்த ஆண்டு எந்த வயலில் என்ன பயிர் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இலையுதிர்காலத்தில் விதைத்த குளிர்காலக் கோதுமை பனிக்கு அடியில் உயிரோடு இருக்கிறது; அதன் மேல் வண்டிகள் தொடர்ந்து ஓடிப் பனி இறுகினால் பயிர் கெடக்கூடும். அப்படிப்பட்ட வயலில் தடத்தை ஓரத்துக்கு நகர்த்த வேண்டும், அல்லது அந்த ஆண்டுக்கு வேறு வழியைத் தேட வேண்டும். மரம் வெட்டும் திட்டம், நிலத்தை விற்கும் எண்ணம், புதிய வேலி ஆகியவற்றையும் அப்போதே கேட்டறிந்தால் நடுப்பருவத்தில் அதிர்ச்சி இருக்காது. பேசி முடித்ததை எழுத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, ஒரு படியை அவரிடமே கொடுத்துவிட வேண்டும்.

தம் நிலத்தில் யாராவது அடிபட்டால் வழக்கு வருமோ என்பதே பல உரிமையாளர்களின் அச்சம். கழகத்தின் காப்பீடு எதை உள்ளடக்குகிறது என்பதைக் கூட்டமைப்பிடம் கேட்டுத் தெளிவாகத் தெரிந்துகொண்ட பிறகே தொடர்பாளர் பேசப் போக வேண்டும். ஒன்ராறியோவில், கட்டணம் பெறாமல் பொழுதுபோக்குத் தடத்துக்கு இடம் கொடுக்கும் உரிமையாளரின் சட்டப் பொறுப்பு குறைக்கப்பட்டுள்ளது. இதை அமைதியாக எடுத்துச் சொன்னாலே பாதி தயக்கம் தீரும். மீதிப் பாதி தீர்வது நடத்தையால்தான். குறித்த தடத்தைவிட்டு விலகி வயலுக்குள் ஓட்டுபவர்களாலேயே தடங்கள் அதிகம் பறிபோகின்றன. புகார் வந்தால் அன்றே நேரில் போய்ப் பார்த்து, அந்த இடத்தில் தடத்தின் எல்லையைக் காட்டும் குச்சிகளும் பலகையும் கூடுதலாக நட்டு, தேவைப்பட்டால் சில நாள் தடத்தை மூடியும் வைக்க வேண்டும்.

இலையுதிர்கால வேலை

கிளைகளை வெட்டும்போது, தரையில் நின்று பார்க்கும் உயரத்தை அளவாகக் கொள்ளக் கூடாது. இறுகிய பனி தடத்தையே மேலே உயர்த்திவிடும். புதுப் பனியின் பாரத்தில் கிளைகள் கீழே வளைந்து வரும். அக்டோபரில் தலைக்கு மேல் நன்றாக விலகியிருந்த கிளை பிப்ரவரியில் ஓட்டுநரின் முகத்துக்கு நேரே நிற்கும். குரூமர் எனப்படும் தடம் சீர்செய்யும் இயந்திரத்தின் கூரையும் அகலமும் தாராளமாகக் கடக்கும் அளவுக்கு வெட்டுவதே சரியான அளவு. செயின்சா எனப்படும் மரம் அறுக்கும் இயந்திரத்தைப் பிடிப்பவர் தனியாகப் போகக் கூடாது. வெட்டுத் தடுப்புக் கால்கவசமும் தலைக்கவசமும் கண் கவசமும் இல்லாத எவரையும் வேலையில் சேர்க்கவே கூடாது.

அடுத்தது தண்ணீர். அடைபட்ட மதகுக் குழாயும் பீவர் என்னும் நீர்வாழ் விலங்கு கட்டிய அணையும் ஒரே மழையில் தடத்தைக் குளமாக்கிவிடும். நின்ற நீரின் மேல் பனி மூடினால் அது போர்வையைப் போல வெப்பத்தைக் காத்துக்கொள்ளும். அடியில் உள்ள சேறு வாரக்கணக்கில் உறையாது. பல டன் எடையுள்ள குரூமர் அங்கே புதைந்தால், அதை மீட்பதற்கே அந்த வாரம் போய்விடும். பீவர் அணையைக் கலைப்பதற்கு முன், அதற்குச் சட்டம் இடம் தருகிறதா என்பதை அந்தந்தப் பகுதியின் வனவிலங்குத் துறையிடம் கேட்டறிய வேண்டும். மரப்பாலங்களில் மேற்பலகையை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாமல், கரையில் பாலம் அமர்ந்திருக்கும் இடத்தை நீர் அரித்திருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும்.

பலகைகளை நடும்போது இரவில் வருபவரை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்ராறியோவில் தடங்களில் மணிக்கு 50 கிலோமீட்டரே சட்டப்படியான உச்ச வேகம் என்றாலும், அந்த வேகத்திலும் முன்விளக்கின் வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் வண்டியை நிறுத்துவது எளிதன்று. வளைவுக்கும் சாலைக் கடப்புக்கும் முன்னறிவிப்புப் பலகை போதிய தூரத்திலேயே இருக்க வேண்டும். ஒளி பிரதிபலிக்காத பழைய பலகைகளைத் தயங்காமல் அகற்றிவிட வேண்டும். வயல்களில் நடும் குச்சிகளை, எந்த வயலில் எத்தனை என்று எண்ணிக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அந்த எண் எதற்கு என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

தடத்தைச் சீர்செய்தல்

பருவத்தின் முதல் பனியைச் சும்மா விட்டுவிடக் கூடாது. தடம் திறக்கப் போதாத அளவு பனியாக இருந்தாலும், நிலம் தாங்கும் இடங்களில் ஸ்னோமொபைலாலோ உருளையாலோ அதை மிதித்து இறுக்கினால், பனியில் அடைபட்ட காற்று வெளியேறி, குளிர் தரைக்குள் இறங்கி மண் உறையும். சதுப்பான இடங்களில் இது ஒன்றே பருவம் முழுவதையும் காப்பாற்றக்கூடியது.

சீர்செய்யும் வேலையில் வெட்டுவது, நொறுக்குவது, அழுத்துவது, உறைய விடுவது என நான்கு நிலைகள் உள்ளன. குரூமருக்குப் பின்னால் இழுபடும் நீண்ட இரும்புச் சட்டத்தில் வரிசையாகக் கத்திகள் இருக்கும். வண்டிகள் ஓடி ஓடி உண்டான மேடுபள்ளங்களில் மேட்டின் தலையை மட்டும் சீவிப் பள்ளத்தை நிரப்பினால் தடம் அப்போதைக்கு அழகாகத் தெரியும். மறுநாள் காலை பத்து வண்டிகள் போவதற்குள் பள்ளத்தில் விழுந்த தளர்ந்த பனி வாரியெறியப்பட்டு, இறுகிய பழைய மேடு அப்படியே தலைகாட்டும். மேட்டை அதன் அடிவரை வெட்ட வேண்டும். வெட்டிய பனி சட்டத்துக்குள் சுழன்று நொறுங்கிப் பொடியான மணிகளாகி, பின்புறத் தகட்டின் எடையால் அழுந்துகிறது. அழுந்திய மணிகள் ஒன்றோடொன்று உறைந்து ஒட்டிக்கொள்ளும்போதுதான் தடத்துக்கு வலு ஏறுகிறது.

அதற்குக் குளிரும் நேரமும் தேவை. சூரியன் மறைந்து வெப்பநிலை இறங்கும்போது, வண்டிப் போக்குவரத்தும் குறைந்திருக்கும் இரவில் சீர்செய்து, விடியும்வரை யாரும் மிதிக்காமல் விடுவதே சிறந்தது. பிற்பகல் வெயிலில் சீர்செய்த தடத்தில் உடனே வண்டிகள் ஏறினால், எரித்த டீசல் வீண். வேகமும் முக்கியம், மணிக்கு ஏறத்தாழ 8 முதல் 12 கிலோமீட்டருக்கு மேல் போனால் சட்டம் துள்ளத் தொடங்கி, கத்திகளே புதிய அலைகளை உண்டாக்கும். சீக்கிரம் முடித்து வீட்டுக்குப் போகும் ஆவல் இயல்பானதுதான் என்றாலும், இரவு முழுவதும் மெதுவாக ஓட்ட மனமில்லாதவரிடம் குரூமரை ஒப்படைக்கக் கூடாது.

சாலைக் கடப்புகளில் தனிக் கவனம் வேண்டும். சாலையிலிருந்து பனி ஒதுக்கும் வண்டி இருபுறமும் கரை எழுப்பியிருக்கும். அந்தக் கரையைச் சரித்து, ஸ்னோமொபைல் சாலைக்கு முன்னால் சமதளமாக நிற்க இடம் அமைத்துத் தர வேண்டும். வண்டி மூக்கைத் தூக்கியபடி ஏற்றத்தில் நின்றால் ஓட்டுநருக்கு வரும் கார் தெரியாது. சறுக்கிச் சாலைக்குள் இறங்கும் ஆபத்தும் உண்டு. குரூமர் ஓட்டுநர் சாலையைக் கடப்பதற்கு முன்பே இரும்புச் சட்டத்திலுள்ள பனியை இறக்கிவிட்டு, சட்டத்தைத் தூக்கிக்கொண்டு கடக்க வேண்டும்; சாலையில் ஒரு பிடி பனிக்கட்டிகூட மிச்சம் இருக்கக் கூடாது.

ஏரிகளைக் கடக்கும் இடங்களில், ஸ்னோமொபைலுக்குக் குறைந்தது 25 சென்டிமீட்டர் தடிமனுள்ள பனிக்கட்டி வேண்டும் என்பது கனடிய செஞ்சிலுவைச் சங்கத்தின் அறிவுரை. அது உறுதியான தெளிந்த பனிக்கட்டிக்கான அளவு. வெண்மையாகத் தெரியும் பனிக்கட்டியின் வலிமை அதில் ஏறத்தாழப் பாதியே. ஓடையோ ஆறோ சேரும் வாயில்களில் தடிமன் திடீரெனக் குறையும் என்பதால், ஒரே இடத்தில் துளையிட்டு முடிவெடுக்கக் கூடாது.

குரூமர் ஓட்டுநர் புறப்பட்ட நேரம், சென்ற பகுதி, வெப்பநிலை, எரிபொருள், கண்ட ஆபத்துகள் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எழுதிவைக்க வேண்டும். அந்தக் குறிப்பின்படியே தடத்தின் நிலை அறிவிக்கப்பட வேண்டும். ஒன்ராறியோவின் தட வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிலை காட்டப்படுகிறது; ஐயம் இருந்தால் சிவப்பிலேயே வைத்திருப்பது கழகத்தின் கடமை. எவ்வளவு பேர் தொலைபேசியில் கேட்டு வற்புறுத்தினாலும் இதில் இளகக் கூடாது.

வண்டிகள்

கழக வேலைக்குப் பயன்படும் ஸ்னோமொபைல்கள் பலர் கைமாறி ஓடுவதால், தனியார் வண்டிகளைவிட விரைவில் பழுதாகின்றன. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பொறுப்பாளரை நியமிப்பதே இதற்குத் தீர்வு. எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் ஆக்ஸிலரேட்டர் நெம்புகோலை ஒருமுறை அழுத்தி விட்டுப் பார்க்க வேண்டும். உறைந்து ஒட்டியிருந்தால் அது திரும்பி வராது, கிளப்பிய கணத்திலேயே வண்டி பாயும். பிரேக்கும், ஓட்டுநர் விழுந்தால் எஞ்சினை நிறுத்துவதற்காக உடையில் மாட்டும் பாதுகாப்புக் கயிறும் அதே பழக்கத்தில் சோதிக்கப்பட வேண்டியவை.

எஞ்சினின் விசையைக் கடத்தும் டிரைவ் பெல்ட்டில் வெடிப்போ, பக்கங்களில் பளபளப்போ, நூல் பிரிந்திருப்பதோ தெரிந்தால் மாற்றிவிட வேண்டும். மாற்றுப் பெல்ட் ஒன்று எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும். வண்டியின் அடியில் சுழன்று அதை முன்னே தள்ளும் அகலப் பட்டையான டிராக்கின் இறுக்கத்தைத் தயாரிப்பாளரின் கையேட்டில் சொன்ன அளவுப்படி சரிபார்க்க வேண்டும். தளர்ந்த டிராக் பற்சக்கரத்தில் தாவி ஓடும். அளவுக்கு மீறி இறுகியது தாங்கிகளையும் சறுக்குப் பட்டைகளையும் தின்றுவிடும். வண்டியின் பின்பகுதியைத் தூக்கி நிறுத்தி டிராக்கைச் சுழலவிடும்போது யாரும் பின்னால் நிற்கக் கூடாது. சிக்கியிருக்கும் பனிக்கட்டியோ கல்லோ பயங்கர வேகத்தில் பறந்து வரும்.

டிராக்குக்குள் இருக்கும் சறுக்குப் பட்டைகளுக்குப் பனியே மசகு; நீரால் குளிரும் எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்கும் டிராக் வாரியெறியும் பனியே குளிர்விப்பான். வழுக்கும் ஏரிப் பரப்பிலும் இறுகிய பனிக்கட்டித் தடத்திலும் நீண்ட நேரம் ஓடினால் இரண்டும் சூடாகும். தரையைக் கீறிப் பனித்துகளை மேலே எழுப்பும் கம்பிகளைப் பொருத்துவதும், வெப்ப எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் தளர்ந்த பனியில் சிறிது ஓட்டுவதும் பயன் தரும். பட்டைகளில் தேய்மான வரம்புக் கோடு இருக்கும். அதை எட்டும்வரை காத்திராமல் மாற்றுவது நல்லது.

உழைப்பவர்கள்

வேலையைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு சில கிலோமீட்டருக்கும் ஒருவரைப் பொறுப்பாளராக்கினால், எல்லாச் சுமையும் இரண்டு மூன்று பேரின் தோளில் விழாது. வேலை நாளில் வந்தவர்களின் பெயரையும் நேரத்தையும் பதிவு செய்வது காப்பீட்டுக்குத் தேவை. இரவில் குரூமர் ஓட்டுபவர் குறித்த நேரங்களில் ஒருவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். தகவல் வராவிட்டால் தேடிப் போகப்போவது யார் என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

பருவம் முடிந்ததும்

தடம் மூடப்பட்டவுடன், நிலம் மென்மையாகி வயலில் கால் வைக்க முடியாமல் போவதற்குள் குச்சிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இலையுதிர்காலத்தில் எழுதிவைத்த எண்ணிக்கை இங்கேதான் உதவுகிறது: எழுபது நட்டு அறுபத்தெட்டு திரும்பியிருந்தால், மீதி இரண்டையும் தேடி எடுக்கும்வரை அந்த வயலின் வேலை முடியவில்லை. முறிந்து பனியில் புதைந்த ஒரு குச்சி, ஜூன் மாதத்தில் உயர்ந்த தீவனப் புல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்து, அறுவடை இயந்திரத்தின் கத்தியில் சிக்கும். அந்த உரிமையாளரிடம் அடுத்த கோடையில் கழகம் இசைவு கேட்க முடியாது.

வண்டிகளை ஒதுக்கிவைக்கும்போது எரிபொருளில் அது கெடாமல் காக்கும் நிலைப்படுத்தியைக் கலந்து சிறிது நேரம் ஓடவிட வேண்டும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் துருத் தடுப்பு எண்ணெயைக் கையேட்டின்படி செலுத்தி, டிரைவ் பெல்ட்டைக் கழற்றி, டிராக்கின் இறுக்கத்தைத் தளர்த்தி, புகைபோக்கியையும் காற்றுவழியையும் எலி நுழையாதபடி அடைத்துவைக்க வேண்டும். அடைத்ததை ஒரு சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் கட்டிவிட்டால், அடுத்த பருவத்தில் யாரும் மறந்துபோய் எஞ்சினைக் கிளப்ப மாட்டார்கள். குரூமரின் ஹைட்ராலிக் குழாய்களில் உராய்ந்த இடங்கள், தேய்ந்த கத்திகள், தளர்ந்த போல்ட்டுகள் ஆகியவற்றை ஓட்டுநர்களின் நினைவு மங்குவதற்குள், ஏப்ரலிலேயே அவர்களைக் கூட்டிவைத்துப் பட்டியலிட வேண்டும். உதிரி பாகங்களுக்கு அப்போதே சொல்லிவைத்தால், பழுது பார்க்கக் கோடை முழுவதும் கிடைக்கும்.