வசதி வந்த பிறகு முதல் விசேஷம்: தெருவில் பேர் கெடாமல் நடத்த

வாடகை வீட்டில் இருந்தவர் சொந்த வீடு வாங்கினால் தெரு பொறுத்துக்கொள்ளும். அந்தச் செய்தியைத் தரகர் வாயால் கேட்டால்தான் பொறுக்காது. பத்திரப்பதிவு முடிந்த அன்றே பழைய ஓனரம்மாவுக்கும் பக்கத்து வீடுகளுக்கும் ஸ்வீட்டோடு போய்ச் சொல்லிவிடுங்கள்.

காசிமேடு, ராயபுரம் பக்கம் சொந்தபந்தம் இருந்தால் கிரகப்பிரவேசத்தை தையிலோ ஆவணியிலோ வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, கையில் காசு புழங்காது. அந்த நேரத்தில் மொய்க்கு அழைத்தால், ‘பணம் வந்ததும் கண்ணு தெரியல’ என்ற பேச்சு நிச்சயம். பத்திரிகை வைக்க ஞாயிற்றுக்கிழமை காலையில் போகாதீர்கள், எல்லாரும் மீன் மார்க்கெட்டில் நிற்பார்கள். சாயந்திரம் புருஷன் பெண்டாட்டி இருவருமாக, தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம், குங்குமத்தோடு போக வேண்டும். வாட்ஸ்அப் அழைப்பு ஆபீஸ்காரர்களுக்குப் போதும்.

அதிகம் சொதப்புவது மொய்யில்தான். பழைய மொய் நோட்டைத் தேடி எடுங்கள். உங்கள் பிள்ளை காதுகுத்துக்கு 500 எழுதியவர் வீட்டுக் கல்யாணத்தில் 1,001 எழுதலாம். வசதி இருக்கிறதே என்று 10,000 எழுதினால் அது அன்பளிப்பு இல்லை, கடன். அடுத்த முறை அவர் அதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். முடியாவிட்டால் உங்கள் வீட்டுப் பக்கமே வரமாட்டார். ஆனால் ஊர் சொல்வது என்னவோ, ‘பணம் வந்ததும் இவங்கதான் ஒதுங்கிட்டாங்க’ என்றுதான். கூடுதலாகச் செய்ய ஆசையா? ஒரு வாரம் முன்பே வீட்டுக்குப் போய், சமையல் சாமான் செலவுக்கு என்று கையில் கொடுங்கள். நோட்டில் ஏறக் கூடாது, மைக்கிலும் வரக் கூடாது.

மாலை விருந்து பிரியாணி என்றால் ஒரு கிலோ அரிசிக்கு எட்டிலிருந்து பத்துப் பேர் என்று கணக்கு வையுங்கள். ஆபீஸ் நண்பர்களுக்குத் தனி ஏசி அறை, தெருக்காரர்களுக்கு ஷாமியானா என்று பிரித்தால் எத்தனை கிலோ மட்டன் போட்டாலும் வீண். ஒரே பந்திதான். முதல் பந்தியில் பழைய தெருப் பெரியவர்கள் உட்காரட்டும்.

பேனர் வேண்டவே வேண்டாம். அனுமதி இல்லாமல் வைத்தால் வழக்கு, அனுமதி வாங்கி வைத்தாலும் நக்கல்தான்.

புது காரைப் பழைய சந்துக்குள் கொண்டுபோகாமல் மெயின்ரோட்டிலேயே நிறுத்துங்கள். தண்ணி லாரி வரும் நேரத்தில் கார் வழியை மறித்தால், குடத்தோடு நிற்கும் பெண்களிடம் வாங்கும் பேச்சு வருஷக்கணக்கில் நிற்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் ‘ஆளே மாறிட்டான்’ என்று ஒருவர் சொல்லத்தான் செய்வார். விளக்கம் சொல்லப் போகாதீர்கள். அடுத்த விசேஷத்துக்கு அவர் வீட்டில் முதல் பத்திரிகையை வையுங்கள்.