மேஜையில் ஓடும், பணகுடியில் ஓடாது: கெர்னல் க்ளாக் தவறுகள்

வண்ணார்பேட்டை மாடியறையில் மூன்று வாரம் சொன்ன பேச்சுக் கேட்ட போர்டு, பணகுடிப் பக்கம் காற்றாலையில் மாட்டியதும் ஊமையாகிவிட்டது. ஆர்எஸ்-485 கம்பி வழியாகக் காற்றாலைக் கன்ட்ரோலரிடம் அளவுகளைக் கேட்டு வாங்கும் சின்ன லினக்ஸ் போர்டு அது. சிப்பின் ரெஜிஸ்டரில், அதாவது அதன் உள்ளே எண் வைக்கும் கட்டத்தில், எழுதினால் ஏற்றுக்கொள்கிறது, படித்தால் அதையே திருப்பிச் சொல்கிறது. கம்பியில் மட்டும் ஒரு பிட்கூட வரவில்லை. ஆடி மாதக் காற்றில் ஆசிலோஸ்கோப்பை ஒரு கையாலும் தொப்பியை மறு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தவறு எங்களுடையதுதான். கம்பியில் பிட்டுகளை ஒவ்வொன்றாக அனுப்பும் சிப் பகுதிதான் யுவார்ட். அந்த யுவார்ட்டுக்கு இரண்டு க்ளாக், அதாவது வேலையை நடத்தும் சீரான மின்துடிப்பு, வேண்டும். இன்டர்ஃபேஸ் க்ளாக் இருந்தால் ரெஜிஸ்டரைத் தொடலாம். ஃபங்ஷனல் க்ளாக் இருந்தால்தான் பிட் வெளியே போகும். போர்டில் எதெது இருக்கிறது என்று லினக்ஸின் மையமான கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் முதலாவதை மட்டும் எழுதியிருந்தோம். இரண்டாவது, கன்சோல் (கட்டளை தட்டும் இணைப்பு) யுவார்ட்டும் பயன்படுத்தும் அதே கேட்டிலிருந்து, அதாவது க்ளாக்கைத் திறந்து மூடும் வாயிலிலிருந்து, வந்தது. மாடியறையில் கன்சோல் ஓடியதால் கேட் திறந்தே இருந்தது. களத்துக்கான இமேஜில், அதாவது போர்டில் ஏற்றும் மென்பொருள் தொகுப்பில், கன்சோலை எடுத்துவிட்டோம். கெர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர் திறந்து வைத்துவிட்டுப் போன க்ளாக்குகளில் யாரும் கேட்காதவற்றை, பூட் முடியும் தறுவாயில் கெர்னல் மூடிவிடும். எங்களுடையதும் அதில் மூடிக்கொண்டது.

நம்மூர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு. அணைக்கட்டிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து குளம், குளத்தில் மடை. துடிப்பைப் பிறப்பிக்கும் கிறிஸ்டல், வேகத்தைக் கூட்டும் பிஎல்எல், குறைக்கும் டிவைடர், கேட் என்று க்ளாக் மரமும் அப்படித்தான் கிளைக்கிறது. பக்கத்து வயலுக்கு விட்ட தண்ணீர் வரப்பு கசிந்து நம் நாற்றை நனைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் அதை நம் மடைத் தண்ணீர் என்று நினைத்துவிட்டோம்.

அன்றைக்குச் செய்த வைத்தியத்தையும் சொல்லிவிடுகிறேன். கெர்னலுக்குக் கொடுக்கும் பூட் வரியில் க்ளாக்-இக்னோர்-அன்யூஸ்ட் (யாரும் கேட்காத க்ளாக்கையும் மூடாதே) என்று சேர்த்ததும் போர்டு பேசியது. நோய் எது என்று கண்டுபிடிக்க அது நல்ல வழி, மருந்தாக அதையே விட்டுவைப்பதுதான் தவறு. தேவையில்லாத க்ளாக்கெல்லாம் திறந்தே கிடக்கும். கன்சோல் திரும்ப வந்து தன் க்ளாக்கை முறைப்படி மூடிவிட்டுப் போனால் பழைய ஊமைத்தனமும் திரும்ப வரும். டிவைஸ் ட்ரீயில் இரண்டு க்ளாக்கையும் பெயரோடு எழுதி, யுவார்ட்டை இயக்கும் நிரலான டிரைவரில் இரண்டையும் கேட்டு வாங்கியபின்தான் அந்த வரியை எடுத்தோம்.

இதைவிட வஞ்சகமானது எண்ணிக்கைத் தவறு. 2012-இல் 3.4 கெர்னலோடு வந்த பொது க்ளாக் கட்டமைப்பு, ஒவ்வொரு க்ளாக்குக்கும் எத்தனை பேர் திறக்கச் சொன்னார்கள் என்று எண்ணி வைத்துக்கொள்கிறது. எண்ணிக்கை சுழிக்கு வந்தால்தான் மூடும். டிரைவர் தொடங்கும்போது ஓடும் புரோப் ஃபங்ஷனில் க்ளாக்கைத் திறந்துவிட்டு, அடுத்து இன்டரப்ட் (வன்பொருள் கவனம் கேட்டுத் தரும் அழைப்பு) கிடைக்கவில்லை என்று எரர் திருப்பும்போது மூட மறந்தால், அது கடைசிவரை திறந்தே இருக்கும், மின்சாரம்தான் வீண். மாறாக உறக்கத்துக்குப் போகும் சஸ்பெண்டில் ஒருமுறை, டிரைவரை நீக்கும் ரிமூவில் ஒருமுறை என்று இரண்டு தடவை மூடினால்? தனியாளாக இருந்தால் கெர்னல் எச்சரிக்கை போட்டுக் கத்தும். அதே க்ளாக்கை இன்னொரு டிரைவரும் வைத்திருந்தால் சத்தமே வராது. எண்ணிக்கை பொதுவானது, ஆளாளுக்குத் தனிக்கணக்கு இல்லை. ஆகவே நீங்கள் கூடுதலாக மூடியது அவர் பங்கைத் தின்றுவிடும். செத்து விழுவது அவருடைய டிரைவர். நான்கு நாள் அந்த டிரைவரின் நிரலைத் தோண்டிக்கொண்டிருப்பீர்கள், அதில் ஒரு பிழையும் இருக்காது.

க்ளாக்கைத் திறக்கப் பிரிப்பேர், எனேபிள் என்று இரண்டு படி எதற்கு என்று புதிதாக வருபவர்கள் சலித்துக்கொள்வார்கள். பிஎல்எல் நிலைக்கு வரக் காத்திருக்க வேண்டியிருக்கலாம். க்ளாக் சிப்பே ஐ2சி பஸ் என்ற மெதுவான கம்பித் தடத்துக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருக்கலாம். அப்படித் தூங்க நேரும், அதாவது ஓட்டத்தை நிறுத்திக் காத்திருக்க நேரும், வேலையெல்லாம் பிரிப்பேரில், மியூடெக்ஸ் என்ற தூங்க இடம் தரும் பூட்டின் கீழ் நடக்கும். எனேபிள், தூங்க இடம் தராத ஸ்பின்லாக் என்ற பூட்டின் கீழ் நடப்பது, தூங்காது. இன்டரப்டுக்குப் பதில் சொல்லும் ஹேண்ட்லருக்குள்ளும் தூங்கக் கூடாது, ஆகவே அங்கே பிரிப்பேரைக் கூப்பிடக் கூடாது. இரண்டையும் சேர்த்துச் செய்யும் வசதியான ஃபங்ஷனுக்கும் இதே கதிதான்.

க்ளாக் மூடியிருக்கும்போது ரெஜிஸ்டரைத் தொட்டால் என்ன ஆகும் என்பது சிப்பைப் பொறுத்தது. பீகிள்போனில் இருக்கும் ஏஎம்335எக்ஸ் போன்ற சிப்பில் எக்ஸ்டர்னல் அபார்ட் என்ற வன்பொருள் பிழை வந்து கெர்னல் புலம்பும். சிலவற்றில் சிப்புக்குள் தரவு ஓடும் பஸ் அப்படியே உறைந்துபோகும். சிலது சுழியைத் தரும். அதுதான் மோசம், ஏனென்றால் உண்மையான அளவு என்று நம்பிவிடுவோம். இது பெரும்பாலும் வெளியேறும் வழியில் நேர்கிறது. இன்டரப்டை, வாங்கியதைக் கெர்னலே பிறகு விடுவிக்கும் டெவ்எம் வகை ஃபங்ஷனில் வாங்கிவிட்டு, க்ளாக்கை மட்டும் ரிமூவில் கையால் மூடுகிறோம். டெவ்எம் விடுவிப்பு நடப்பது ரிமூவுக்குப் பிறகு. இடையில் ஓர் இன்டரப்ட் வந்தால் ஹேண்ட்லர் மூடிய மடையில் கை விடும். க்ளாக்கையும் டெவ்எம் வழியிலேயே, இன்டரப்டுக்கு முன்னால் வாங்கிவிட்டால் விடுவிப்பு தலைகீழ் வரிசையில் தானாகவே சரியாக நடக்கும்.

அப்புறம் வேகம். க்ளாக்கின் வேகத்தை அமைக்கும் க்ளாக்-செட்-ரேட் வெற்றி என்று சொன்னால், கேட்ட வேகம் கிடைத்துவிட்டது என்று பொருள் இல்லை, முடிந்த அளவு அருகில் வைத்தது என்றுதான் பொருள். கெட்-ரேட்டில் திரும்பக் கேட்டு, வந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள். 48 மெகாஹெர்ட்ஸை 16-ஆலும் 26-ஆலும் வகுத்தால், கம்பியில் வேண்டிய நொடிக்கு 115200 பிட்டுக்குப் பதிலாக ஏறக்குறைய 115385 கிடைக்கும், 0.16 சதவீதப் பிசகை யுவார்ட் பொறுத்துக்கொள்ளும். ஆனால் 48 என்று கோடில் எழுதி வைத்திருக்க, நிஜத்தில் 24 வந்தால் கம்பியில் ஓடுவது பாதி வேகம், எதிர்முனையில் குப்பைதான் விழும்.

எரரைப் பார்க்காமல் விடுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: "பிறகு வா" என்று வரும் புரோப்-டிஃபர் பதிலை மாற்றாமல் மேலே திருப்புங்கள். க்ளாக் டிரைவர் இன்னும் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது பெட்டி கிளம்பும் முன் களத்து இமேஜையே ஏற்றி, கன்சோல் இல்லாமல் நெட்வொர்க் வழியாக உள்ளே போய், கெர்னல் தன் உள்நிலையைக் காட்டும் டீபக்எஃப்எஸ்ஸில் இருக்கும் க்ளாக் சம்மரி பட்டியலை ஒருமுறை படிக்கிறோம். எங்கள் யுவார்ட்டின் இரண்டு க்ளாக்குக்கும் நேரே எனேபிள் எண்ணிக்கை 1 இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நாகர்கோவில் பஸ்ஸுக்குக் கிளம்புவது.