அப்ரைசல்: நல்ல மதிப்பெண் நழுவும் இடங்கள்

உழைப்பில் குறை வைக்காதவர்கள்தான் பணி மதிப்பீட்டில் அதிகம் ஏமாந்துபோகிறார்கள். 'என் வேலையே எனக்காகப் பேசும்' என்று இருந்துவிடுகிறார்கள். வேலை பேசாது. அதை எடுத்துச்சொல்ல ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளின் கையில் விவரம் வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் பலவற்றில் இறுதி மதிப்பெண்ணை உங்கள் மேலாளர் தனியாக முடிவு செய்வதில்லை. காலிபிரேஷன் கூட்டத்தில் மேலாளர்கள் ஒன்றாக உட்கார்ந்து, எல்லாக் குழுக்களையும் ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள். உங்கள் வேலையைப் பற்றி நீங்களே எழுதிக்கொடுத்த படிவம் மட்டும் இருக்கும். அப்படியொரு கூட்டத்தில், என் குழுவிலேயே மிக நன்றாக உழைத்த ஒருவருக்காக நான் வாதாட வேண்டியிருந்தது. "கொடுத்த பணிகளை உரிய நேரத்தில் முடித்தேன், குழுவுக்கு ஒத்துழைத்தேன்" என்று அவர் எழுதியிருந்தார். "இவர் தனியாக என்ன செய்தார்?" என்று கேட்டார்கள். ஆண்டின் தொடக்கத்தில் அவர் ஒரு பெரிய சிக்கலைத் தீர்த்திருந்தார். அது எனக்கே அரைகுறையாகத்தான் நினைவுக்கு வந்தது. மதிப்பெண் ஒரு படி இறங்கியது. அதில் என் தவறும் உண்டு, இன்றும் உறுத்துகிறது.

ஆகவே, படிவத்தைக் கடைசி நாள் இரவில் நிரப்பாதீர்கள். அப்போது உங்களுக்கும் கடந்த இரண்டு மாதங்கள்தான் நினைவில் இருக்கும், மேலாளருக்கும் அப்படித்தான். வாரக் கடைசியில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, முடித்த வேலையையும் அதனால் யாருக்கு என்ன பயன் என்பதையும் இரண்டு வரி எழுதிவையுங்கள். பாராட்டி வந்த மின்னஞ்சல்களைத் தனியே சேமியுங்கள்.

எழுதும்போது பலரும் சறுக்குவது, செய்ததைச் சொல்லிவிட்டு விளைந்ததை விட்டுவிடுவதில். 'வாடிக்கையாளர் புகார்களைக் கவனித்தேன்' என்ற வரி யாருக்கும் பொருந்தும். 'புகாருக்குப் பதில் போக 3 நாள் ஆகிக்கொண்டிருந்தது. அடிக்கடி வரும் கேள்விகளுக்கு மாதிரிப் பதில்கள் தயாரித்தேன். இப்போது அன்றைக்கே பதில் போகிறது' என்று எழுதிப் பாருங்கள். மேலாளர் அதை அப்படியே கூட்டத்தில் வாசிக்கலாம். எண் இல்லாத வேலையும் உண்டு. புதிதாகச் சேர்ந்தவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தால், அவர் இப்போது எதைத் தனியாகச் செய்கிறார் என்று எழுதுங்கள்.

தவறிப்போனதை மறைப்பது இன்னொரு தவறு. ஒருவரிடம் ஒரு குணத்தைக் கண்டதும் மற்ற குணங்களையும் அதே கண்ணோடு எடைபோடுவது மனித இயல்பு. படை அதிகாரிகள் தமக்குக் கீழே இருந்தவர்களுக்கு அளித்த மதிப்பீடுகளைக் கொண்டு உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920இல் இதைக் காட்டினார். கண்ணில் பட்ட ஒரு பிழை ஆண்டு முழுவதையும் கறுப்பாக்கக்கூடும். அதை நீங்களே முதலில் சொல்லி, பிறகு எதை மாற்றினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் அதன் வேகம் குறையும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, மதிப்பெண் வரும்வரை பேசாமல் இருந்துவிட்டு அதன்பிறகே காரணம் கேட்பது. ஆண்டின் பாதியிலேயே, "இப்படியே போனால் எந்த மதிப்பெண் வரும்? அடுத்த படிக்கு எது குறைகிறது?" என்று நேராகக் கேளுங்கள். திருத்திக்கொள்ள அப்போதுதான் அவகாசம் இருக்கும். உங்கள் நிறுவனத்தின் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு குழுவிலும் இத்தனை பேருக்குத்தான் உயர்ந்த மதிப்பெண் என்ற கட்டாய வரிசை முறையை மைக்ரோசாஃப்ட் 2013இல் கைவிட்டது. ஆனால் எல்லோரும் விட்டுவிடவில்லை. அந்த முறை இருக்குமிடத்தில் நன்றாகச் செய்தால் மட்டும் போதாது, எந்த வகையில் மற்றவர்களிலிருந்து வேறுபட்டீர்கள் என்பதும் படிவத்தில் தெரிய வேண்டும்.

அதற்காக மேலாளருடனான மதிப்பீட்டு நேர்காணலில் சக ஊழியரின் பெயரை இழுக்காதீர்கள். பேச்சு அவரைப் பற்றியதாகிவிடும், உங்கள் வேலை ஓரத்துக்குப் போய்விடும். மதிப்பெண் குறைந்திருந்தால் கோபத்தோடு அங்கேயே வாதாட வேண்டாம். எந்த நிகழ்வை வைத்து இப்படி முடிவு செய்தார்கள் என்று கேட்டு, குறித்துக்கொள்ளுங்கள். ஒருநாள் கழித்து, உங்கள் தரப்பைப் படிவத்தில் ஊழியர் கருத்துக்கென உள்ள கட்டத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். பெரும்பாலானவர்கள் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுகிறார்கள்.